மேஸ்திரியின் பதினோரு முட்டை

நவ. 4, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். மாடிப்படி ரூமில் இன்குபேட்டர் வைத்தாயிற்று. தெர்மோகோல் பெட்டி, பல்பு, குட்டி ஃபேன், தண்ணீர்க் கிண்ணம். சூடு 37.6. முட்டை பதினொன்று. ஒரு பக்கம் பென்சிலில் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். தினம் மூன்று தடவை புரட்டணும்.

பதினொன்றும் மேஸ்திரியின் வாரிசு. என் சேவல். போன வாரம் வாசலில் செத்துக் கிடந்தான். காயம் இல்லை, ரத்தம் இல்லை. இனிமேல் அவன் குஞ்சு என்றால் இதுதான். என் பெட்டைகள் இரண்டும் அடைக்கு உட்காராத ஜாதி.

பக்கத்துப் போர்ஷன் மளிகைக்கடை அண்ணாச்சிக்கு அவன் கூவினால் ஆகாது. தூக்கம் கெடுகிறதாம். செத்த அன்று வந்து "பாவம்" என்றார். நான் கேட்காமலே. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

நவ. 7, வெள்ளி

மழை. சூடு 37.4. தண்ணீர் ஊற்றினேன்.

அண்ணாச்சி சம்சாரம் புஷ்பம் மூன்று தடவை மாடிக்குப் போனாள். துணி காயப்போடவாம். மழையில் என்ன துணி?

படிக்கட்டுக்கு அடியில் அவள் கோழி கூடையில் அடை கிடக்கிறது. முட்டையே இல்லாமல். யார் முட்டைக்கு?

நவ. 10, திங்கள்

முட்டைக்கு அடியில் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். பதினொன்றிலும் சிவப்பு நரம்பு! உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பொண்டாட்டி ஸ்டெல்லாவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இன்னாய்யா, நான் முழுகாம இருந்தப்போ இப்டி ஒரு தபா பாத்துகினு இருந்தியா?"

வாங்க வேண்டியது: பல்பு ஒன்று உபரி, பென்சில், அவளுக்குத் தைலம்.

நவ. 13, வியாழன்

ஷிப்ட் முடிந்து வந்து பெட்டியைத் திறந்தால் முட்டைக்கு நடுவே ஒரு கந்தல் முடிச்சு. பிரித்தேன். கரித்துண்டு, துருப்பிடித்த ஆணி, காய்ந்த மிளகாய்.

செய்வினை. வேறென்ன?

காலையில் எல்லாம் வட்டம் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போனேன். இப்போது வட்டமும் பெருக்கலும் கலந்து கிடக்கிறது. பதினொன்றையும் எவளோ தொட்டிருக்கிறாள். மதியம் மூன்று மணி நேரம் கரண்ட் வேறு இல்லையாம், எதிர்வீட்டில் சொன்னார்கள். யார் பிடுங்கினார்களோ.

முடிச்சைக் கடலில் வீசினேன். கோயில் தீர்த்தம் தெளித்தேன். ஸ்டெல்லா சொல்கிறாள், "அந்தக்கா அப்டியாப்பட்டது கெடையாதுய்யா. ஒரு வார்த்த கேட்டுத்தான் பாரேன்." கேட்டால் ஒத்துக்கொள்வார்களா? இவள் யார் பக்கம்?

நவ. 14, வெள்ளி

டோல்கேட் கடைத்தெருவில் பூட்டு வாங்கினேன். நல்ல கனம். மாடி ரூமுக்குப் போட்டாயிற்று. சாவி என் சட்டைப் பையில் மட்டும். ஸ்டெல்லாவுக்குக் கொடுக்கவில்லை. அவளுக்கு வாய் நிற்காது.

புஷ்பம் மேலே வந்தாள். பூட்டைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் இறங்கிப் போனாள். மாட்டிக்கொண்ட முகம்.

நவ. 17, திங்கள்

37.6. நாலு நாளாக முடிச்சும் இல்லை, கிடிச்சும் இல்லை. பூட்டு வேலை செய்கிறது. ஒரு முட்டை உள்ளே துள்ளுகிறது. மேஸ்திரி குணம்.

நவ. 19, புதன்

காலையிலேயே இடி. நான் வேலை பார்க்கும் எண்ணெய் டேங்க் யார்டில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மூன்று மணிக்கு வெளியே வந்து பார்த்தால் ஸ்டெல்லா நாலு தடவை. தெரியாத நம்பர் ஒன்பது தடவை.

ஸ்டெல்லாவுக்குப் போட்டேன். எம்.கே.பி. நகர் தையல் கம்பெனியிலிருந்து கத்தினாள். "ஒம்போது மணிக்கே டிரான்ஸ்பார்மர் வெடிச்சிட்ச்சாம்யா. சாவிய இன்னாத்துக்கு நீயே வச்சிகினு சுத்துற? புஷ்பம் அக்கா அங்க பேஜாராயி குந்திகினு கீது!"

ஆட்டோ பிடித்து ஓடினேன். வீடு சேர நாலு மணி. மாடிப்படியில், பூட்டின கதவுக்கு முன்னால் புஷ்பம். மடியில் கூடை, கூடையில் அவள் கோழி.

"எங்கண்ணே போனீங்க? ஒம்பது மட்டம் போன் போட்டேன். போன வியாழக்கெழம கரண்டு போனப்பவும் நாந்தான் முட்டைய எடுத்து இதுக்கு அடியில வச்சேன். கரண்டு வந்ததும் திருப்பி வச்சிட்டேன். பேசுறதில்லையே, அதான் சொல்லல."

"அந்த முடிச்சு?"

"எங்க ஊர்ல கரி, இரும்பு, மொளகா இல்லாம அடை வைக்க மாட்டோம்ணே. இடி இடிச்சா கூமுட்டையாப் போயிரும்லா."

சட்டைப் பையில் சாவியைத் தேடினேன்.

"பூட்ட ஒடைச்சிரலாம்னு அவுக சொன்னாக. நாந்தான் வேண்டாம்னுட்டேன். ஏற்கெனவே சேவலக் கொன்னுட்டோம்னு பேச்சு."

அந்தப் பேச்சு என் பேச்சு. அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. சாவி துவாரத்தில் போகவே மாட்டேன் என்கிறது.

பெட்டி ஜில்லென்று இருந்தது. ஒவ்வொன்றாக டார்ச்சில் பார்த்தோம். நான் பிடிக்க, அவள் பார்க்க. ஏழு அசையவில்லை. எத்தனை தடவை திருப்பிப் பார்த்தும் அசையவில்லை. நாலு அசைந்தது, லேசாக. துள்ளின முட்டை எது என்று தெரியவில்லை.

ஏழு மணி நேரம். யாரும் எந்த ஒயரையும் பிடுங்கவில்லை. நான் பூட்டினேன், அவ்வளவுதான்.

நாலையும் கோழிக்கு அடியில் வைத்தாள். கோழி சிறகைத் தாழ்த்தி மூடிக்கொண்டது. முந்தானையிலிருந்து கரி எடுத்தாள், மிளகாய் எடுத்தாள். மறுபடி இடி.

"இரும்பு ஏதும் இருக்காண்ணே?"

சுற்றுமுற்றும் தேடினேன். கையில் பூட்டு இருந்தது. கொடுத்தேன்.