துரைசானியின் ஏழாம் நம்பர் மட்டை

"இந்த ரெண்டுல எது எனக்குச் சரி, மாஸ்டர்?" என்று நீ கேட்டாய். காஜா பெராங் பகுதியில் உன் வீட்டுக்குப் பின்னால், நீ பந்து அடித்து அடித்துப் புல் பெயர்ந்துபோன திடலில், இரண்டு கோல்ஃப் மட்டைப் பைகளைத் தரையில் படுக்க வைத்துவிட்டுக் கேட்டாய். மெர்டேகாவுக்கு, நாட்டின் விடுதலை நாளுக்கு, இன்னும் சில மாதங்கள் இருந்தன. அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். தெரிந்தேதான் தவறாகச் சொன்னேன்.

போன வாரம் உன் மகள் அந்தப் பைகளில் ஒன்றைக் கொண்டுவந்து என் வீட்டுக் கூடத்தில் வைத்தாள். உங்கள் செட்டி வீடுகளில் பொங்கலுக்கு முன் முன்னோருக்கு இலை போடுவீர்களே, அந்தப் பார்ச்சு முடிந்த மறுநாள். இந்த ஆண்டு உனக்கும் ஓர் இலை போட்டார்களாம். "அப்பா இதை உங்ககிட்டதான் கொடுக்கச் சொன்னார். உங்களை மாதிரி கூட்டாளி வேற யாரும் இல்லைன்னு சொல்வார்," என்றாள். நான் அவளை உட்காரச் சொல்லவும் மறந்துபோனேன். அவள் போனபின் ஒரு மட்டையை உருவிப் பார்த்தேன். தோல் பிடியில் உன் கைவியர்வையும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாடை. இரும்பில் ஒரு பொட்டுத் துரு இல்லை.

உனக்குத் தமிழ் படிக்க வராது. உங்கள் செட்டிகளுக்குத் தலைமுறை தலைமுறையாக வீட்டுப் பேச்சே மலாய்; நாம் பேசியதெல்லாமும் அதில்தான். சாமி பெயர்களும் சில பலகாரப் பெயர்களும்தான் உன்னிடம் இருந்த தமிழ். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன் போலிருக்கிறது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணியாதவனுக்கு இது வசதியாக இருக்கிறது.

அப்போது நீ ரப்பர் கம்பெனியில் தலைமைக் கிராணி, கணக்கும் கடிதமும் எழுதுகிறவர்களுக்குத் தலைவன். துரை சீமைக்குத் திரும்புகிறார், அவருடைய நாற்காலி உனக்குத்தான் என்று ஊரே பேசியது. ஆனால் வியாபாரப் பேச்செல்லாம் நடப்பது கோல்ஃப் கிளப்பில். அங்கே உறுப்பினராகாதவன் மேலாளராக முடியாது என்று துரை சொல்லிவிட்டார். கிளப்போ பரீட்சை வைத்துத்தான் ஆளைச் சேர்க்கும். தேர்ந்த ஆட்டக்காரன் எழுபத்திரண்டு அடியில் முடிக்கிற ஆட்டத்தை நீ தொண்ணூற்றாறு அடிக்குள் முடிக்க வேண்டும். அதிகப்படியாக விட்டுக்கொடுக்கும் அந்த இருபத்து நான்குக்குப் பெயர்தான் ஹேண்டிகேப். அதற்கு மேல் ஓர் அடி கூடினாலும் சேர்க்க மாட்டார்கள். நீ ஓராண்டாக இரவல் மட்டைகளை வைத்துக்கொண்டு நூறைச் சுற்றித் தடுமாறிக்கொண்டிருந்தாய்.

உனக்கு ஆட்டம் சொல்லித் தந்தவன் நான். வாத்தியாருக்குக் கோல்ஃப் எங்கே தெரிந்தது என்று மற்றவர்கள் கேட்டால் சிரித்து மழுப்புவேன். உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன். ரப்பர் தோட்டத்திலிருந்து நடந்து வந்து, அதே கிளப்பில், துரைமார்களின் பைகளைத் தூக்கி வளர்ந்தவன் நான். பின்வாசலால் போய்ப் பின்வாசலால் வருவேன்.

துரை உனக்குப் பிரிவுப் பரிசாக இரும்பு மட்டைகள் தருவதாகச் சொல்லி, தன்னுடைய செட்டையும் மனைவியின் செட்டையும் அனுப்பியிருந்தார். பிடித்ததை வைத்துக்கொள், மற்றதை ஏலத்துக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டார். துரை ஆறடிக்கும் மேல். நீ ஐந்தடி இரண்டங்குலம். அவருடைய மட்டைகள் நீளம், கம்பு விறைப்பு, முகம் கத்தியைப் போல மெல்லியது. அதன் நட்ட நடுவில் பட்டால்தான் பந்து போகும். எழுதப் பழகும் பிள்ளையின் கையில் கூரான இரும்பு நிப்பைக் கொடுத்தால் என்ன ஆகும்? காகிதம் கிழியும், மை சிதறும், அடியும் அந்தப் பிள்ளைக்கே விழும். துரைசானியின் மட்டைகள் அகல நிப்பு மாதிரி. குட்டையானவை, லேசானவை, அடிப்பாகம் தடித்தவை. கொஞ்சம் தப்பாகப் பட்டாலும் பந்தைத் தூக்கிவிடும்.

நீ முதலில் துரையின் செட்டிலிருந்து ஏழாம் நம்பர் மட்டையை எடுத்தாய். உன் உயரத்துக்கு அதன் மூக்கு வானத்தைப் பார்த்தது, குதிகால் மண்ணைக் கிளறியது. பந்துகள் இடப்பக்கத்து வாழைகளுக்குள் ஓடின. கையை உதறிக்கொண்டாய். பிறகு துரைசானியின் ஏழாம் நம்பர். பந்து உயர்ந்து, வேலியோர ரம்புத்தான் மரத்தைத் தாண்டி விழுந்தது.

"அலாமாக்! பார்த்தியா மாஸ்டர்? நான் ஒண்ணுமே செய்யலை, அது பாட்டுக்குப் போகுது!"

நீ துள்ளினாய். நானும் கைதட்டினேன், மனதாரத்தான். அந்தச் சந்தோஷத்தில்தான் நீ அதைச் சொன்னாய்: "பரீட்சை அன்னிக்கு நீயே வந்து என் பையைத் தூக்கு, மாஸ்டர். உனக்குப் பழக்கம்தானே?"

நீ குத்திக் காட்டவில்லை. பக்கத்தில் நான் இருந்தால் தைரியம் என்றுதான் நினைத்தாய். எனக்குத்தான் காது சுட்டது. நீ முன்வாசலில் நுழைய, நான் பையோடு பின்வாசலுக்குத் திரும்ப வேண்டும். என் முகம் மாறியதை நீ கவனிக்கவில்லை. துரைசானியின் மட்டையைத் தடவிக்கொண்டே கேட்டாய்.

"இது நல்லாப் போகுது. ஆனா மேமோடதாச்சே, ஆளுங்க சிரிக்க மாட்டாங்களா? இந்த ரெண்டுல எது எனக்குச் சரி, மாஸ்டர்?"

வகுப்பில் எதையும் ஓர் உதாரணம் சொல்லித்தான் விளக்குவேன். உனக்கும் ஒன்று சொன்னேன். "துரை நாற்காலியில உட்காரப் போறவன் துரைசானி செருப்பைப் போட்டுக்கிட்டா போவான்?"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்து முடித்ததும் உன் முகம் சுருங்கியது. "பெதுல்," என்றாய். சரிதான், என்று அர்த்தம். துரைசானியின் பையை நீயே கட்டி ஏலத்துக்கு அனுப்பினாய்.

பரீட்சை நாளில் நான் வந்தேன், பையையும் தூக்கினேன். மரத்தடியில் பை தூக்கும் தமிழர்கள் நால்வர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "என்ன வாத்தியாரே, பழைய வேலைக்கே வந்துட்டீங்களா?" இன்னொருவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "துரை மட்டை வருதுடா, துரையைத்தான் காணோம்!" நீ என்னிடம் திரும்பி, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாய். நன்றாக ஆடச் சொல்கிறார்கள் என்றேன். நீ அவர்களுக்குக் கைகூப்பி நன்றி சொன்னாய். அவர்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

கிளப் செயலாளரும் துரையும் கூட நடந்து வந்தார்கள். முதல் குழியிலேயே ஒன்பது அடி. ஐந்தாவது குழிக்கு முன் இருந்த குளத்தில் மூன்று பந்துகளை விட்டாய். மூன்றாவது விழுந்ததும் துரை ஆங்கிலத்தில் சொன்னார்: "என் மட்டைகளுக்கு அழத் தெரிந்திருந்தால் இப்போது அழுதிருக்கும்." செயலாளர் சிரித்தார். தோளில் பையோடு நின்ற நானும் சிரித்தேன். நீ திரும்பி என் சிரிப்பைப் பார்த்தாய். பிறகு நீயும் சிரித்தாய். மூன்று பேர் சிரிக்கும்போது ஒருவன் மட்டும் சும்மா நிற்க முடியுமா?

பதினெட்டில் ஒன்பதாவது குழியோடு செயலாளர் நிறுத்தினார். "இன்றைக்கு இது போதும் என்று நினைக்கிறேன்," என்றார், மிக மரியாதையாக. அதற்குள் அறுபத்தெட்டு அடி ஆகியிருந்தது.

திரும்பும் வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். பாதி தூரத்தில் நீ சொன்னாய்: "உன்னை அங்கே கூட்டிட்டுப் போய் வெட்கப்பட வச்சிட்டேன், மாஸ்டர். மன்னிச்சுக்க." பரவாயில்லை என்றேன். உன்னை நானே மன்னித்தேன், நண்பா!

நாற்காலி பினாங்கிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. கம்பெனிக் கடிதங்களை எழுத அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நீ. நீ ஓய்வு பெற்றதும் அதே கிராணி மேசையிலிருந்துதான்.

ஆட்டத்தை மட்டும் நீ விடவில்லை. ஒருநாள் அந்த மட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாய். "நீளம்தான் உதைக்குதுன்னு தோணுது. சைக்கிள் கடையில கொடுத்துக் கம்பைக் கொஞ்சம் வெட்டிப் பார்க்கட்டுமா?" நீயாகவே விஷயத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டாய். வெட்டினால் முழுக்கச் சரியாகாது, ஆனாலும் பாதித் தொல்லை தீரும். "துரை கொடுத்ததையா வெட்டுவே?" என்று கேட்டேன். நீ வெட்கப்பட்டுப் பையை மூடினாய். அன்றைக்கு என்னை யாரும் பையைத் தூக்கச் சொல்லவில்லை. அந்த முறை எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் கிடையாது. உண்மையைச் சொன்னால் முதல் பொய்யும் வெளிவரும் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகள். நீ பந்து அடிப்பாய், நான் மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "தோளைத் திருப்பு, தலையைத் தூக்காதே" என்பேன். உன் தோளிலும் தலையிலும் பெரிய தவறு எதுவும் இருந்ததில்லை. இருந்ததாக உன்னை நம்பவைத்தேன். பொறுமையான வாத்தியார் என்று இந்த ஊரில் எனக்குப் பெயர். உண்மைதான். அந்தப் பொறுமை இருந்ததால்தான் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்து உன்னைப் பார்க்க முடிந்தது.

ஆஸ்பத்திரியில் உன் கடைசி வாரம். போர்வைக்கு மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். "மட்டை நல்ல மட்டை, மாஸ்டர். இந்தக் கைதான் சரியில்லை." நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். உன் கை நல்ல கை, மட்டைதான் தப்பு, தப்பென்று தெரிந்துதான் தந்தேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. "தூங்கு, களைச்சுப் போயிட்டே," என்றேன். நீ சொன்ன பேச்சைக் கேட்கிறவன், கண்ணை மூடிக்கொண்டாய்.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் பையைப் பார்த்து, நான் ஆடுவேனா என்று கேட்கிறார்கள். நண்பன் கொடுத்தது என்கிறேன். எவ்வளவு பாசம், என்கிறார்கள். நான் மறுப்பதில்லை. உன் கைதான் சரியில்லை என்ற நம்பிக்கையோடே உன்னைச் சாகவிட்டதைச் சுமந்துகொண்டு, அந்தப் பாராட்டையும் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது புது மட்டை வாங்கப் போவதாக இருந்தால், இதைச் செய்து பாருங்கள். ஒவ்வொரு செட்டிலும் பத்துப் பந்து அடியுங்கள். ஆக நன்றாகப் போன பந்தை மறந்துவிடுங்கள். ஆக மோசமான பந்து எந்த மட்டையில் குறைவாக விலகியதோ, அந்த மட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். கடைக்குத் தனியாகப் போங்கள்.