நீங்கள் நீக்கிய ஆறு வரிகள்

விக்கிரமங்கலம்,
திருச்சி மாவட்டம்.
2-11-1986

மதிப்பிற்குரிய உத்திராபதி அவர்களுக்கு,

இளையபெருமாள் மகள் கொளஞ்சி எழுதிக்கொண்டது. உங்கள் பன்னிரண்டு பக்கக் கடிதத்தையும் போட்டோவையும் உங்கள் அம்மா பாடாலூரிலிருந்து பஸ் ஏறி வந்து, பூ பழத்தோடு தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இங்கே மழை பரவாயில்லை. முந்திரித் தோப்பில் களை எடுத்தாயிற்று. எல்லோரும் நலம், என் அண்ணன் அரியமுத்துவைத் தவிர. அவருக்கு என்ன என்று என்னைக் கேட்காதீர்கள், என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

தை மாதம் பெண் பார்க்க வருவதாகவும், அதற்குள் அமெரிக்காவில் உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று கிராமத்துப் பெண்ணுக்கும் புரியும்படி விளக்கியிருப்பதாக வேறு ஒரு வரி. ஜெயங்கொண்டம் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷமாகக் கணக்கு நடத்துகிறேன். இருந்தாலும் ரொம்ப நன்றி.

உங்கள் மேனேஜரை சார் என்று சொல்ல வேண்டாமாம், ஜிம் என்றே கூப்பிடலாமாம். அந்த ஜிம்மிடம் நீங்கள் ஒரு தடவையாவது இல்லை என்று சொன்னதாக எழுதியிருக்கிறதா என்று பன்னிரண்டு பக்கத்திலும் தேடினேன். கிடைக்கவில்லை. நாங்கள் எங்கள் ஹெட்மாஸ்டரை சார் என்றுதான் கூப்பிடுகிறோம். டைம் டேபிளைத் தப்பாகப் போட்டால் அவர் ரூமுக்கே போய்ச் சண்டையும் போடுகிறோம்.

ஆபீசில் குடிக்கக் கலர் சோடா காசில்லாமல் கிடைக்குமாம், பிங்பாங் ஆடலாமாம், சனிக்கிழமையும் அங்கேயே இருப்பீர்களாம். ஆளை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்ள ஒரு பாட்டில் கலர் போதும் என்று எங்கள் ஊர்ப் பண்ணையார்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. கழுத்தளவு தடுப்புக்குள் கதவில்லாமல் உட்கார்ந்து, பத்துப் பேர் சேர்ந்து, ஒரு வருஷமாக, திரையில் தேதி தெரிகிற ஒரு கட்டத்தைச் செய்திருக்கிறீர்கள். அதற்கு வாரத்துக்கு நாலு மீட்டிங். இதைத்தான் உலகத்தை மாற்றும் வேலை என்கிறீர்கள். கிண்டலோ என்று இரண்டாம் தடவையும் படித்தேன். இல்லை, நிஜமாகவே எழுதியிருக்கிறீர்கள்.

வருஷக் கடைசியில் ஒவ்வொருவரும் தன்னைத் தானே புகழ்ந்து நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று படித்தபோது சிரித்துவிட்டேன். அந்தப் பழக்கம் உங்களுக்கு நன்றாகவே படிந்திருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்தபடியாக நடப்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். பத்துப் பேரில் ஒருவரைக் கடைசி என்று ஜிம் குறித்தாக வேண்டும். பத்துப் பேரும் நன்றாக வேலை செய்தாலும் ஒருவர் கடைசிதான். அவருக்கு வேலை போகும், வேலை போனால் விசாவும் போகும். 1984-இல் அந்தக் கடைசி ஆள், உங்களோடு அதே ஆபீசில் இருந்த என் அண்ணன்.

அந்த வருஷம் பிப்ரவரி இருபத்தெட்டுக்கு மறுநாள் உங்கள் கம்ப்யூட்டர்கள் மார்ச் ஒன்று என்று காட்டின. வாங்கியிருந்த கம்பெனிகள் எல்லாம் சத்தம் போட்டன. இது அரியமுத்து எழுதிய புரோகிராம்தானே என்று ஜிம் கேட்டார். ஆமாம் என்றார் அண்ணன். பக்கத்து நாற்காலியில் இருந்த நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

இங்கே மட்டும் திறந்தீர்கள். அண்ணன் ஊர் திரும்பிய பிறகு லீவில் வந்தபோது எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, என் அப்பாவிடம், "பாவங்க, அரியமுத்துக்கு அந்த வேல புடிபடல" என்று சொன்னீர்கள். நான்தான் பரிமாறிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அப்பா அண்ணனிடம் பேசுவதில்லை. அம்மா இல்லாத வீடு. அண்ணன் எதிரில் நிற்கும்போதே, "அவன சாப்புடச் சொல்லு கொளஞ்சி" என்று என்னிடம் சொல்வார். இரண்டு வருஷமாக இப்படித்தான். என்ஜினீயரிங் படித்தவர் தோப்பில் மோட்டார் போட்டுவிட்டு மாமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்.

அண்ணன் வரும்போது ஒரு பெட்டி நிறைய, பச்சைக் கோடு போட்ட மடிப்புத் தாள் கொண்டுவந்தார். அந்தப் புரோகிராம் முழுவதும் அதில் அச்சாகியிருக்கிறது. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால், பள்ளிக்கூடத்தில் என் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்க எடுத்துப் போவேன். போன வாரம் ஒரு தாளில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது. உங்கள் ஆபீசில் யார் எதை மாற்றினாலும் பெயர், தேதி, காரணம் மூன்றையும் மேலே எழுத வேண்டும் போலிருக்கிறது. வட்டத்துக்குள் உங்கள் பெயர், 1983 டிசம்பர் 12. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை தேவைப்படும் சோதனையைத் தினமும் செய்வது வீண், ஆறு வரிகளை நீக்கியிருக்கிறேன், வேகம் கூடும் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. நாலால் வகுபடும் வருஷத்துக்குப் பிப்ரவரியில் ஒரு நாள் அதிகம் என்று என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும், உத்திராபதி. அதில் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் தெரியும்.

உடனே உங்கள் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். கையில் பரிசுப் பலகை, வாயெல்லாம் பல். புரோகிராமின் வேகத்தைக் கூட்டியதற்கு, டிசம்பர் 1983 என்று பலகையில் பொறித்திருக்கிறது. என் அண்ணன் வேலையைத் தின்ற பலகையை என்னைக் கட்டிக்கொள்வதற்குச் சிபாரிசாக அனுப்பியிருக்கிறீர்கள். நீங்கள் பயந்து மறைத்திருந்தால்கூட உங்களைக் கொஞ்சம் மதித்திருப்பேன். உங்களுக்கு அது மறந்தே போயிருக்கிறது.

அண்ணனிடம் தாளைக் காட்டி, ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "வுடு கொளஞ்சி. நான் சொல்லியிருந்தா அவன் ஊருக்குத் திரும்பணும். அவன் வூட்ல ரெண்டு பொண்ணு கட்டிக் குடுக்காம இருந்துச்சு. எனக்கு நீ ஒருத்திதான, நீயும் சம்பாரிக்கிற" என்றார். ஜிம் கேட்டதையும் நீங்கள் பக்கத்தில் இருந்ததையும் அன்றைக்குத்தான் சொன்னார். உங்கள் தங்கைகள் இருவரின் கல்யாணத்துக்கும் அண்ணன்தான் பந்தலில் நின்று இலை போட்டார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

உங்களை நான் கட்டிக்கொள்ள மாட்டேன். இதை இன்னும் விளக்கமாக எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். தை மாதம் பாடாலூரோடு நின்றுகொள்ளுங்கள்.

இந்தக் கடிதம் எழுதுவது அண்ணனுக்குத் தெரியாது. நேற்று மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தவர் தானாகவே, "எண்பத்தெட்டுல மறுபடியும் இருபத்தொம்பது வருது. அத சரி பண்ணியிருப்பானுங்களா?" என்றார். அவருக்கு இன்னும் அந்தக் கவலைதான். தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளைப் பார்த்து எழுதிய நகல் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். அசல் என்னிடமே இருக்கிறது. அதை அப்பா முன்னால் வைக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் தங்கை அண்ணனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்றுதான் அவர் சொல்வார். இந்த வீட்டில் நீங்கள் சொன்னதைத்தான் அவர் நம்பினார். அதனால் நீங்களே சொல்ல வேண்டும். தப்பு என்னுடையது, அரியமுத்துவுடையது இல்லை என்று உங்கள் கையால் அப்பாவுக்கு இரண்டு வரி எழுதுங்கள். ஆறு வரியை எடுத்தவருக்கு இரண்டு வரி எழுதுவது பெரிய வேலை இல்லை.

அப்பாவுக்கு எழுபது வயதாகிறது. அவர் கண்ணை மூடுவதற்குள் ஒரு வேளையாவது அண்ணன் முகத்தைப் பார்த்து, "வாடா, சாப்புடு" என்று சொல்லிவிட வேண்டும். நான் நடுவில் நிற்கக் கூடாது. உங்களைக் கும்பிட்டுக் கேட்பது இது ஒன்றுதான்.

இப்படிக்கு,
அரியமுத்துவின் தங்கை
கொளஞ்சி