முதலில் புளியா, புளிப்பா?

அன்புள்ள உனக்கு,

நேரங்கெட்ட நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துவிடு. போனில் சொன்னால் அழுதுவிடுவேன். இரண்டரை வயதாகியும் பேசாத நம் பாப்பா இன்று பேசிவிட்டாள்!

மாடியில் பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பாப்பாவிடம் ஒரு துண்டைக் கொடுத்து, "புளி" என்றார். சப்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தவள், "புளி" என்றாள்.

"பேசலன்னு அயுதுகினு இருந்தியே, இனிமே இத்த நிறுத்த முடியாது பாரு!" என்று சிரித்தார் பொன்னியம்மா.

சொன்னதைத் திருப்பிச் சொன்னாளோ என்று எனக்குப் பயம். சாப்பிடும்போது மோர் புளித்திருந்தது. துப்பிவிட்டு, தானாகவே "புளி!" என்றாள்.

புளியிலிருந்துதான் புளிப்பு என்ற சொல் வந்தது என்று கல்லூரியில் நீ அடம்பிடித்தாய், நான் மறுத்தேன். இன்று உன் மகள் உனக்கு ஓட்டுப் போட்டுவிட்டாள்.

சீக்கிரம் பதில் எழுது.

தோற்றுப்போன சந்தோஷத்தில்,
உன் மனைவி