விசில் ஊதாத இரண்டு நிமிடம்

ஜனவரி 19, ஞாயிறு

வையம்பட்டியில் பொங்கல் கபடி. பெண்கள் இறுதி ஆட்டத்துக்கு நான் நடுவர். கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது பச்சைமலை அணி இருளாயிக்குப் புருவம் கிழிந்தது. ரத்தம் வழிய வழிய ரெய்டு வந்தாள். ஸ்ரீரங்கம் அணி கனிஷ்கா அவளைக் கட்டிப்பிடித்து விழுந்தாள். கனிஷ்காவின் முழங்கை ஏற்கெனவே சிராய்த்துக் கிடந்தது. அதில் இருளாயியின் ரத்தம் பட்டது.

ரத்தம் தெரிந்தால் ஆட்டத்தை நிறுத்தணும், காயத்தைக் கட்டின பிறகுதான் உள்ளே விடணும். பள்ளியில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிற பி.டி. டீச்சர் நான். ஒரு பாயின்ட் வித்தியாசம், ஊரே கத்துகிறது. ரெண்டு நிமிஷம்தானே என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

காலையில் இருளாயி போன். “டீச்சர், போன வருஷம் ரத்ததான முகாம்ல என் ரத்தத்தை வேணாம்னுட்டாங்க. ஹெபடைட்டிஸ் பி, ரத்தத்துல பரவுற மஞ்சக்காமாலை இருக்காம். டீம்ல யாருக்கும் தெரியாது. அந்தப் பொண்ணு கையில என் ரத்தம் பட்டுச்சே, அதே நினைப்பா இருக்கு.”

அவள் குரல் உடையவில்லை. உன் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டேன்.

“ரத்தம் வந்தது எனக்கு மட்டும்தானே டீச்சர். நானே வந்து சொல்றேன்.”

கனிஷ்காவையும் அவள் அப்பா நவநீதனையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சின்ன வயதில் தடுப்பூசி போட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. ரத்தம் எடுத்தார்கள், இரண்டு ஊசி போட்டார்கள். ஒரு நாளைக்குள் வந்தது நல்லது, ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால்தான் உறுதி என்றார் டாக்டர்.

மதியம் இருளாயி வந்தாள். புருவத்தில் பிளாஸ்டர்.

“இதை வச்சுக்கிட்டு எதுக்கும்மா ஆட வந்தே?” என்றார் நவநீதன்.

“அவ மேல தப்பில்லைங்க. நிறுத்தியிருக்க வேண்டியது நான்” என்றேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அவர் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஜனவரி 23, வியாழன்

காயத்தை மூடிக்கொண்டு இருளாயி தாராளமாக ஆடலாம் என்கிறார் டாக்டர். மற்றவர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டால் போதுமாம்.

எல்லா அணிகளுக்கும் தடுப்பூசி போடச் சொல்லணும் என்றதற்கு, போட்டி நடத்திய செந்தமிழன், “பெரிசு பண்ணாதீங்க டீச்சர், அடுத்த வருஷம் யாரு பொண்ணை அனுப்புவாங்க?” என்கிறார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இருளாயியை அவள் அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவ நோயைப் பத்தி யாரு சொல்லியிருப்பா? நவநீதனா? செந்தமிழன்கிட்ட நான் பேரைச் சொல்லலையே — சொல்லலதானே? புருவம் கிழிஞ்சதை ஊரே பார்த்துச்சு, பேர் எதுக்கு.

பிப்ரவரி 3

அன்றைக்கே ஊதியிருந்தால் ஒரு பிளாஸ்டரோடு போயிருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

துறையூர் போட்டியில் ஒருத்திக்கு உதடு வெடித்தது. ஊதினேன். கையுறை போட்டுத் துடைத்து, பிளீச்சிங் தண்ணீர் விட்டு, சட்டை மாற்றவைத்து, ஆறு நிமிடம். “டீச்சரம்மா, இது கபடியா ஆஸ்பத்திரியா?” என்று ஒருவன் கேட்க, கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும்.

மே 14

ஸ்ரீரங்கம் கடைவீதியில் கனிஷ்கா. களைப்பாகத் தெரிந்தாள். கண் மஞ்சளாக இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். “வெயில்ல ஓடிட்டு வரேன் டீச்சர், அவ்ளோதான்” என்றாள். எத்தனை பேர் இப்படிப் பார்க்கிறார்களோ அவளை.

ஜூலை 25, வெள்ளி

நவநீதன் போன். “நெகட்டிவ் டீச்சர்.” வைக்கப் போனவர் மறுபடி சொன்னார்: “அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிடுங்க.”

சொன்னேன். இருளாயி இன்றைக்குத்தான் அழுதாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மாவட்டப் போட்டிக்கான ஸ்ரீரங்கம் அணிப் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லி கனிஷ்கா கொண்டுவந்தாள். பன்னிரண்டு பெயர்.

“பதினொரு பேரும் மூணு தடுப்பூசியும் போட்டாச்சு டீச்சர். பன்னிரண்டாவது இருளாயி அக்கா. அவங்களுக்கு ஊசி தேவையில்லை, ஆனா பச்சைமலைலேர்ந்து தினம் பஸ் கிடைக்காது. பயிற்சி முடியற வரைக்கும் எங்க வீட்டுலயே தங்கட்டும்னு அப்பா சொல்லிட்டார்.”