தேன்மொழி படத்துக்குக் கீழே

இன்று காலை கடையில் பந்தல் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். கைபேசி மணி அடித்தது. இணையத்தில் நம் கடைக்கு இருக்கும் பக்கத்தின் விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு செய்தி வந்திருந்தது. தொழில் வகையை மாற்ற வேண்டுமானால் இங்கே தொடவும் என்று கீழே ஒரு வரி. அதைப் பார்த்ததும் துணியை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது, அண்ணா.

மானாம்பதிக் கடையில் நாம் இருவரும் அந்தப் பக்கத்தைத் தொடங்கிய நாள் நினைவிருக்கிறது. கடைக்கு உன் மகள் தேன்மொழியின் பெயர். படமும் அவளுடையதே, தாவணியில் சிரிக்கிற படம். வகை என்ற இடத்தில்தான் திணறினோம். கல்யாணத்துக்குப் பந்தல், நாற்காலி, அண்டா கொடுக்கிறோம். சாவுக்கும் அதையே கொடுக்கிறோம், கூட ஒரு ஐஸ் பெட்டி. இரண்டும் சேர்ந்த வகை பட்டியலில் இல்லை. நீ 'நிகழ்ச்சி ஏற்பாடு' என்பதைத் தொட்டாய்.

"பெட்டி கீதுன்னு ஊருக்கே தெரியும்டா. அத்த எழுதி வெச்சா எவன் கல்யாணத்துக்குக் கூப்புடுவான்?" என்றாய்.

அதில் நீ கண்டிப்பு. சாவு வீட்டுக்குப் போய்வந்த நாற்காலியை மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் அடுக்க விடமாட்டாய்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. பெட்டி சும்மாவே கிடந்தது. அவசரத்துக்குத் தேடுகிற வெளியூர்க்காரர்கள் நம்மைக் கண்டுபிடிக்கட்டுமே என்று, நீ பழையசீவரம் கோயிலுக்குப் போயிருந்த அன்று, கடைக் கைபேசியில் நான்தான் வகையை மாற்றினேன். இறுதிச் சடங்கு சேவை. அது அவள் படத்துக்குக் கீழே போய் நிற்கும் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

தேன்மொழிக்குப் பேசி முடித்திருந்த பெருநகர் ஊர் மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்துவிட்டார்கள். தட்டு மாற்ற நான்கு நாள்தான் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா உனக்குப் போன் செய்தாள்.

"பொண்ணு படத்துக்குக் கீய சாவுன்னு போட்டுக்கினு கீறீங்களே, இத்தப் பாத்துட்டு எப்படிங்க பொண்ணு எடுக்கறது?"

அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது.

நீ கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "என் கைதான்டா தெரியாம பட்டுக்கீது" என்றாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீ கேட்காததால் சொல்லவில்லை என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். பயந்தேன், அவ்வளவுதான். வகையைப் பழையபடி மாற்றட்டுமா என்று நான் கேட்டதற்கு, "அத்தத் தொடாத, இன்னும் இன்னா ஆவுமோ" என்று தடுத்துவிட்டாய். படத்தை மட்டும் நீக்கினோம். மூன்றாம் மாதம் மார்வலி வந்து போய்ச் சேர்ந்தாய். நம் பெட்டியிலேயே உன்னை வைத்தோம்.

இப்போது கடையைத் தேன்மொழிதான் பார்க்கிறாள். வேறு வரன் எதுவும் கூடிவரவில்லை. கல்யாணத்துக்கும் யாரும் நம்மைக் கூப்பிடுவதில்லை. இன்று கைபேசியை அவளிடம் காட்டி, "இந்த வகைய மாத்திடட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"வேணாம் சித்தப்பா. இனிமே எத்தப் போட்டா இன்னா? அப்பா கை பட்டது, அப்பிடியே இருக்கட்டும். தெரியாம பண்ணதுக்கு அவரு மேல எனக்குக் கோவம் வருமா?"

சொல்லிவிட்டு வண்டியில் சாமான் ஏற்றுவதைப் பார்க்கப் போய்விட்டாள்.

நீ செய்யாத தப்புக்கு உன் மகள் உன்னை மன்னித்துவிட்டாள். செய்தவன் நான் எதிரில் நின்றுகொண்டு, "சரிம்மா" என்றேன். நாளைக்கு அவள் இதையே சொன்னாலும் அதைத்தான் சொல்லுவேன் என்று எனக்குத் தெரிகிறது.