மண்ணுக்குள் இறங்கும் சூடு

ஏப்ரல் 9, 2025, புதன்

மத்தியானம் வெறுந்தரையில் படுத்திருந்தேன். எங்கள் முன் பிளாக்கில் பழைய ஏசிகளின் உறுமல் நின்று ஒரு மாதமாகிறது. இப்போது வீட்டுச் சூட்டையெல்லாம் குழாய்த் தண்ணீர் வாங்கிக்கொண்டு பூமிக்குள் இறங்குகிறது, மண்ணிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறது. கண்ணை மூடினால் நானும் கூடவே போகிறேன் — மயிலாப்பூருக்கு அடியில், மணல், களிமண், அதற்கும் கீழே இருட்டு. அங்கே கோடையே கிடையாது.

ஏப்ரல் 11

பின் பிளாக்குக்கு இந்த மண்குழாய் ஏசியை இன்னும் போடவில்லை. அங்கே ஸ்நேஹா, மேற்கு பார்த்த வீட்டில், கைக்குழந்தையோடு. பழைய ஏசி உறுமுகிறதே தவிரக் குளிரவில்லை; குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. கரண்ட் மிச்சம் பிடித்ததற்குக் கார்பன் கிரெடிட் என்று ஒரு சான்று கிடைத்தால், அதை விற்று அவர்களுக்கும் போட்டுவிடலாம். அசோசியேஷன் செக்ரெட்டரி என்று நான்தான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 22

கிரெடிட் கொடுக்கும் கம்பெனியிலிருந்து சரிபார்க்க மஹ்விஷ் என்ற பெண் வந்தாள். கிரெடிட்டை நம்பித்தான் போட்டோம், இல்லாவிட்டால் போட்டிருக்கவே மாட்டோம் என்றால்தான் தருவார்கள். இவரிடம் இதைச் சொல்லிவைக்க மறந்தேனா, கூசினேனா?

காபியை நீட்டிக்கொண்டே இவர், "கிரெடிட் வரலைன்னாலும் போட்டிருப்போம்மா. இவ ஆத்துல வீணை சொல்லிக்கொடுக்கறா. அந்த ஏசி இரைச்சல்ல ஸ்ருதி எப்படிச் சேரும்?"

"நெஜமாவா அங்கிள்?"

"சத்தியமா!"

சிரிப்பு வேறு!

ஏப்ரல் 23

இவரோடு பேசவில்லை.

மே 14

கிரெடிட் கிடையாதாம்.

"பொய் சொல்லியிருக்கணுமா?" என்கிறார். வேண்டாம்தான். வாயை மூடிண்டு காபியை மட்டும் கொடுத்திருக்கப்படாதா? நான் எந்த முகத்தோடு ஸ்நேஹாவைப் பார்ப்பேன்?

மே 18, ஞாயிறு

மீட்டிங்கில் விஷயத்தைச் சொன்னேன். ஸ்நேஹா இவரைப் பார்த்து, "மாமா, வரலைன்னாலும் போட்டிருப்போம்னு சொன்னீங்களாமே. உங்களுக்குன்னா போடுவீங்க. எங்களுக்கு?" என்று கேட்டாள்.

இவர் எழுந்தார். "புதுசா தோண்ட வேண்டாம். எங்க குழாயிலேர்ந்தே அங்கேயும் இழுத்துடலாம். நமக்குச் சில்லுனு இருக்காது, அவ்வளவுதானே?"

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கடைசியில்தான் என் கை. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 20

வீட்டில் முன்போல் குளிர்ச்சி இல்லை. இவர் பனியனோடு விசிறிக்கொண்டிருக்கிறார். பின் பிளாக் ஏசிகளின் உறுமலும் நேற்றோடு நின்றுவிட்டது.

மத்தியானம் வீணையை எடுத்து உட்கார்ந்தேன். ஸ்நேஹா போன் செய்தாள்.

"மாமி, இப்பல்லாம் உங்க வீணை எங்க ரூம் வரைக்கும் கேக்குது. பாப்பா இப்பத்தான் தூங்கினா. கொஞ்சம் கழிச்சு வாசிக்கறீங்களா?"

வீணைக்கு உறையைப் போட்டுவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டேன்.