புகைத்தாளில் ஒரு துடிப்பு

அடியே,

நேற்று சாயங்காலம் உன் பெண் வந்திருந்தாள். நீளமான ஒரு சுருளை நீட்டி, "ஆன்ட்டி, அம்மா பீரோவுல இது கீது. மேல உங்க பேரு எழுதிருக்காங்க" என்றாள். அப்படியே உன் குரல். செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது. மண்ணெண்ணெய்ப் புகையும் வார்னிஷும் கலந்த அந்த வாசனை முப்பது வருஷத்துக்கு மேலாகியும் போகவில்லை. நம் விலங்கியல் லேபின் புகைத்தாள்.

இன்னும் பிரிக்கவில்லை. காப்பி போட்டுக் குடித்தேன். மடித்த துணியையே மறுபடி மடித்தேன். சுருள் மேஜைமேல் கிடக்கிறது. அதைப் பிரிப்பதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். நீ இருந்தபோது சொல்ல எனக்குத் துப்பில்லை. இப்போ சொல்லி இன்னாடி பிரயோஜனம் என்பாய். பரவாயில்லை, கேள்.

எண்பதுகளின் கடைசி. நான் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பெண், நீ பூந்தமல்லி வளையல் கடைக்காரர் மகள். பூந்தமல்லியிலிருந்து நேராகப் பட்டணத்துக்கு பஸ் இருக்க, நீ ஆவடிக்கு வந்து என்னோடு ரயில் ஏறுவாய். "பஸ்ல தொங்கிகினு போறதுக்கு, ட்ரெயின்ல ஒக்காந்துகினு படிச்சுகினு போலாமே" என்பாய். எங்கே படித்தோம்? பாரிவாக்கத்தில் உன் மாமா பிடித்துக் கொடுத்த தவளைகளை ஈரத் துணிப்பையில் போட்டு நீ மடியில் வைத்திருந்தாயே, அன்றைக்கு ஒன்று தாவி எதிர் சீட்டு அம்மாவின் பூக்கூடையில் உட்கார்ந்துகொண்டது. பெட்டியே அலறியது. நீ மட்டும் பதறாமல், "பயந்துக்காதீங்கக்கா, அது காலேஜுக்குப் போவுது" என்றாய். அந்த அம்மாவும் சிரித்துவிட்டு, நமக்கு ஆளுக்கொரு முழம் கனகாம்பரம் கொடுத்தாள்.

அந்த வருஷம் உடலியங்கியல் நம்மைப் பிடித்து ஆட்டியது. விலங்குக்கு ஒரு சார், செடிக்கு ஒரு மேடம். நீ ஜாம் பாட்டிலில் வேலம்பாசியைப் போட்டு எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் வெயில் படும்படி வைத்து, மேலே வருகிற குமிழியை எண்ணிக்கொண்டிருப்பாய். எங்கம்மா திருநெல்வேலிக்காரி, "குளத்துப் பாசியக் கொண்டாந்து வச்சுக்கிட்டு ரெண்டும் வேடிக்கை பாக்குதுவ" என்று தலையிலடித்துக்கொள்வாள். ஆனால் நாம் கல்லூரிக்குப் போனபின் அவளும் எண்ணுவாள் என்று அப்பா சொன்னார். உன்னிடம் இதைச் சொன்னேனா, இல்லையா, ஞாபகமில்லை.

தவளைத் தசைப் பரிசோதனைதான் உனக்கு உயிர். கெண்டைக்கால் தசையை நரம்போடு எடுத்து, ஒரு நெம்புகோலில் கட்டி, அதன் முள்ளை உருளையின்மேல் லேசாகத் தொடவிட வேண்டும். உருளையில் வழவழப்பான தாள், அதன்மேல் விளக்குப் புகையைப் பிடித்து ஏற்றிய கரி. நரம்பில் மின்சாரம் தொட்டால் தசை ஒரு தடவை துடிக்கும், சுழலும் கரியில் முள் வெள்ளையாக ஒரு மேட்டைக் கீறும். முள் ஆடிவிடும் என்பதால் லேபில் ஃபேன் போட விடமாட்டார்கள். வேர்த்துக் கொட்டும். கடைசியாக அந்தக் கோட்டின் கீழே குண்டூசியால் பேரும், என்ன தூண்டல் கொடுத்தோம் என்பதையும் கீறிவிட்டு, தாளை வார்னிஷ் தட்டில் முக்கி எடுப்போம். முக்கினால் தீர்ந்தது. அப்புறம் ஒரு எழுத்து கீற முடியாது, ஒரு கோடு அழிக்க முடியாது.

புடவைமேல் வெள்ளைக் கோட்டு போட்டு, முந்தானையை உள்ளே சொருகிக்கொள்ள வேண்டும். நான் அவசரக்குடுக்கை. "முந்தானையச் சொருவுடி செல்வி, சனியனே" என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்!

இறுதிச் செய்முறைத் தேர்வு. ஆளுக்கு ஒரு தவளை, இன்னொன்று கேட்டால் மார்க் போகும். உனக்கு அந்தத் தடவையே தேறியாக வேண்டியிருந்தது. "ஒரே மூச்சுல முடிச்சிட்டா பி.எட்.ல சேத்து வுடுறேன், இல்லாட்டி கடையில ஒக்காரு" என்று உன் அத்தா கறாராகச் சொல்லியிருந்தார். டீச்சர் ஆவதைத் தவிர வேறு நினைப்பே உனக்குக் கிடையாது. உனக்கு அழகான கோடு விழுந்தது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளரைக் கூப்பிட நீ போனாய். தசையை நனைக்கிற என் உப்புக் கரைசல் பாட்டில் காலி. உன் மேஜையைத் தாண்டி எட்டி உன் பாட்டிலை எடுத்தேன். கோட்டுக்கு வெளியே தொங்கிய என் முந்தானை, உன் உருளைமேல் ஒரு இழுப்பு இழுத்துவிட்டது.

கோடு போச்சு. அந்த இடத்தில் விரலகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை.

சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்தவள் பரிசோதனையைத் தொட்டேன் என்று என்னை எழுப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். எனக்கு ஏற்கெனவே ஒரு பேப்பர் பாக்கி. முந்தானையைச் சுருட்டி இடுப்பில் சொருகினேன். நீ தேர்வாளரோடு வந்தாய். "இன்னாடி ஆச்சு?" என்றாய். நான் சொன்னேன்: "தெரியலடி. ஃபேன் காத்துல ஏதோ வந்து ஒரசிடிச்சு போல."

நீ ஒரு கணம் அண்ணாந்து பார்த்தாய்.

தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "கோடு இல்லாம நான் எதுக்கும்மா மார்க் போடறது?" என்றார். நீ அந்தத் தாளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வேறு தாளைச் சுற்றி மறுபடி தூண்டினாய். தசை அசையவில்லை. எத்தனையோ முறை துடித்துக் களைத்த தசை. "செத்துடிச்சும்மா. அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார் அவர். "இல்ல சார். களைச்சுப் போனது வேற, செத்தது வேற" என்றாய் நீ. அதை உப்புக் கரைசலில் ஊறப்போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாய். மணி அடிக்கப்போகிற நேரத்தில் ஒரு தடவை தொட்டாய். துடித்தது! கோணல்மாணலாக, சின்னதாக ஒரு மேடு. தேர்வாளர் குனிந்து பார்த்து, "பிடிவாதக்காரி" என்று சொல்லி மார்க் போட்டார். நான் மூச்சுவிட்டேன். நீ வார்னிஷ் தட்டுப் பக்கம் போனாய். எனக்கு உன் முகத்தைப் பார்க்கக் கூசியது. கைகழுவப் போகிறேன் என்று வெளியே ஓடிவிட்டேன்.

வீட்டில் அம்மா என் முந்தானையைப் பிடித்துப் பார்த்தாள். "என்னட்டி இது கரி?" என்றாள். "ரயில் கரிம்மா" என்றேன். "கரண்டு ரயில்ல ஏதுட்டி கரி?" என்றாள். பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும் பார், அது எனக்கு வராது.

நீ தேறினாய், பி.எட். முடித்தாய், கரையான்சாவடியில் வேலை பார்த்தாய். நான் பட்டாபிராமில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். முதல் சம்பளம் வாங்கின ரம்ஜானுக்கு நீ பிரியாணியோடு எனக்கு ஒரு புடவையும் கொண்டுவந்தாய். நல்ல கறுப்பு. "யாருடி பண்டிகைக்குக் கறுப்பு எடுப்பாங்க?" என்று சண்டை பிடித்தேன். "உனக்கு அதான் சரி, கட்டு" என்று சிரித்தாய். கிழியும்வரை கட்டினேன்.

போன வருஷம் நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இதைச் சொல்லிவிடத்தான் ஒருநாள் வந்தேன். சாத்துக்குடி உரித்தேன், பேரன் கதை பேசினேன், சொல்லாமலே எழுந்தேன். "களைச்சுப் பூட்டேன்டி, அவ்ளோதான்" என்று கையை அழுத்தினாய். நான் நம்பினேன். அந்தத் தடவை எந்தக் கரைசலும் உதவவில்லை. உன்மேல் எனக்கு அதில் இன்னும் கோபம்தான்.

சொல்லிவிட்டேன். உன் கோட்டை அழித்தவள் நான். இப்போது பிரிக்கிறேன்.

அன்று கடைசியில் விழுந்த கோணல் மேடுதான் உள்ளே இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இது முதல் தாள். நடுவே அந்த வெள்ளைப் பட்டை, விரலகலம், என் முந்தானை நூலின் வரிகூடத் தெரிகிறது. அதற்குக் கீழே குண்டூசியால் உன் குண்டுக் கையெழுத்து:

தூண்டல்: செல்வி முந்தானை.
விளைவு: ஒண்ணியும் ஆவல.

வார்னிஷில் முக்கினபின் கீற முடியாதே? அப்படியானால் அன்றைக்கே, நான் கைகழுவ ஓடின அந்த ஐந்து நிமிஷத்திலேயே, நீ இதை எழுதிவிட்டாய். அண்ணாந்து ஓடாத ஃபேனைப் பார்த்தபோதே உனக்குத் தெரிந்திருக்கிறது. அதே சாயங்காலம் ரயிலில் எனக்கு வேர்க்கடலையும் வாங்கிக் கொடுத்தாய். பாவி! வாழ்நாள் பூராவும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அழுதேன். என் பேரன் ஓடிவந்து என்ன பாட்டி என்றான். என் சிநேகிதி எனக்குக் கடிதம் போட்டிருக்கிறாள் என்றேன்.

நாளைக்கு இதற்குச் சட்டம் போடக் கொடுக்கிறேன். வார்னிஷ் போட்டது, இனி அழியாது. ஆனாலும் இப்போது மேஜையைத் தாண்டி எட்டி இதை எடுத்தபோது முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

உன்
செல்வி